வெள்ளை ஒயரில் போட்ட முடிச்சு

பரவால்லீங்க, மடியிலயே இருக்கட்டும். கீழ வெச்சா வண்டி போடற ஆட்டத்துல உள்ள இருக்கற கண்ணாடி வால்வு ஒடைஞ்சு போயிரும். உங்க தொடையில இடிச்சா சொல்லுங்க, சித்தெ இப்புடித் திருப்பி வெச்சுக்கறேன். கனம்தானுங்க. டிரான்ஸ்பார்மரே ரெண்டு இருக்குது உள்ள, கனமில்லாம எப்புடி இருக்கும்.

ஆம்ப்ளிபயருங்க. பாட்டு செட்டு. கடையில வாங்குனதில்ல, ஒரு மனுசன் உக்காந்து கையால பண்ணுனது. எனக்கு இதுதான் தொழிலு. உடுமலையில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால என்ற கடை. பழைய ரேடியோ, டேப்பு, இந்த மாதிரி வால்வு செட்டு எல்லாம் சரி பண்றது. மகுடீஸ்வரன்னு கேட்டா ஆரு வேணும்னாலும் காட்டுவாங்க.

டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டுல, ஜன்னலோரமா, மாம்பழக் கலர் சீலையில ஒரு அம்மா உக்காந்திருக்காங்க பாருங்க. பாத்துட்டீங்களா. செரி, திரும்பிக்கங்க, கவனிச்சுருவாங்க. அவிய பழனாத்தாம்மா. ரெண்டு மாசமாப் பல்லடத்துல மக வீட்டுல இருந்தாங்க, இனிமேல் வீட்டுக்காரரு மொகத்துல முழிக்கமாட்டேன்னு. கல்யாணமாகி அம்பது வருசம் கழிச்சுங்க. அதுக்குக் காரணம் நான். இன்னைக்குப் போயிச் சமாதானம் சொல்லித் திருப்பிக் கூட்டிட்டு வர்றதும் நான்தான். நல்ல காரியம்தானுங்களே. ஆனா சோறு எறங்க மாட்டேங்குது. அந்த வீட்டுல எலை போட்டாங்க, ரெண்டு வாய்க்கு மேல முடியல. அதான் நீங்க என்னங்க பொட்டின்னு கேட்டதும் புடிச்சுக்கிட்டேன். நீங்க ஆரோ, நான் ஆரோ. உங்ககிட்டச் சொன்னா எங்கயும் போகாது.

நான் அதிகமா வாய் தொறக்கற ஆளே இல்லீங்க. நாளெல்லாம் தலையக் குனிஞ்சு ஈயம் பத்தவெச்சுட்டு இருக்கறவன் ஆருகிட்டப் பேசறது.

சித்திரை மாசம் ஒரு நா, அந்தம்மாவோட மக கலாமணி, பல்லடத்துல டீச்சரா இருக்குது, கார்ல இந்தச் செட்டைக் கொண்டாந்து எறக்குச்சு. "வைகாசியில அப்பாம்மாவுக்கு அம்பதாவது கல்யாண நாளுங்ண்ணா. எங்க வீட்டுலயே பந்தல் போட்டு வெக்கறோம். அன்னைக்கு இந்தச் செட்டு பாடோணும். எங்கப்பா கல்யாணமான புதுசுல அவரே பண்ணுனது"ன்னுச்சு. அவிய அப்பா பேரு திருமூர்த்தி. நம்மூரு நூல் மில்லுல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. ரோட்டுல பாத்தா எனக்குத் தலையாட்டுவாரு, அவ்வளவுதான் பழக்கம்.

அப்பறம் அந்தப் புள்ள தயங்கி நின்னுச்சு. "இன்னொண்ணுங்ண்ணா. இதை அப்பாதான் பண்ணுனாருன்னு எங்க சொந்தத்துல ஒருத்தரும் நம்பறதில்ல. மில்லுல வெச்சுப் பண்ணி முடிச்சுட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டாந்தாராமா, பண்ணும்போது ஆரும் பாக்கல. மெட்ராஸ்ல வாங்கிட்டு வந்து பீத்திக்கறாருன்னு எங்க தண்டபாணி மாமன் எப்பப் பாத்தாலும் லொள்ளு பேசும். அம்மாவும் கூடச் சேந்து சிரிக்கும். அப்பா வாயே தொறக்கமாட்டாரு. நீங்க உள்ள பாத்தா ஆரு பண்ணுனதுன்னு சொல்லிருவீங்களாமா. எல்லாரு முன்னாலயும் நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

இதுதானுங்க என்னைய மாட்டிவிட்டது. ஆரு பண்ணுனதுன்னு சொல்றது. அதுல எனக்குக் கொஞ்சம் பேரு உண்டுங்க. தன்னடக்கமெல்லாம் பேசுனா வேலைக்கு ஆகாது. ஒருத்தன் ஈயத்தைக் கொட்டி வெச்சிருப்பான், ஒருத்தன் எறும்பு முட்டையாட்ட வெச்சிருப்பான். ஒயரை வளைக்கற வளைப்புல ஆளு தெரிஞ்சுரும். பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் வரைக்கும் அந்தக் காலத்துல செட்டு பண்ணுனவிய கை எல்லாம் எனக்குப் பாடம். ஆனா இதைத் தொறந்து பாத்தா நான் பாத்த கை ஒண்ணோடயும் ஒத்து வரல.

உள்ள அத்தனை ஒயரும் வெள்ளைங்க. சொல்றது புரியுதுங்களா? வால்வு செட்டுன்னா உள்ள நூத்துக்கணக்குல வோல்ட்டு ஓடும், தொட்டா ஆளைத் தூக்கிப் போடும். அதனால சிவப்பு இதுக்கு, கறுப்பு அதுக்கு, பச்சை இன்னொண்ணுக்குன்னு கலர் பாத்துத்தான் ஒயரு போடுவோம். இதுல எல்லாம் ஒரே வெள்ளை. ஆனா ஒவ்வொரு ஒயரோட நுனியிலயும் நூல்ல முடிச்சுங்க. ஒரு முடிச்சுன்னா ஒரு வேலை, ரெண்டு முடிச்சுன்னா வேற வேலை, மூணுன்னா இன்னொண்ணு. ஒயருக்குத்தான் அப்புடின்னா ரெசிஸ்டன்ஸ் இருக்குது பாருங்க, சின்னதா, மேல கலர் கலராக் கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டைப் பாத்துத்தான் எத்தனை மதிப்புன்னு படிப்போம், அதோட காலுலயும் நூலைக் கட்டி முடிச்சு. மீட்டர்ல அளந்து அளந்து கட்டியிருக்கறாரு. முடிச்சும் ஏனோதானோன்னு போட்டதில்ல. மில்லுல நூலு அறுந்தா ஒட்டறதுக்குப் போடுவாங்களே, கண்ணுக்கே தெரியாம, அந்த முடிச்சு.

மொதல்ல நான் என்ன நெனச்சேன்னா, ஆகா, எத்தனை பொறுமையான மனுசன்னு நெனச்சேன். ஒரு வாரம் அந்த நெனப்புலயே வேலை பாத்தேன். கண்டன்சர் எல்லாம் காஞ்சு கெடந்துச்சு, அதை மாத்துனேன். ஒரு வால்வு செத்துப் போச்சு, மெட்ராஸ்ல ஒருத்தருகிட்டச் சொல்லி அதே மாதிரி வரவழைச்சேன். ரொம்ப வருசமாத் தூங்குன செட்டை எடுத்ததும் கரண்டுல குடுக்கப்படாதுங்க, நடுவுல ஒரு குண்டு பல்பைக் கோத்து மெதுவா உசுரு குடுக்கோணும். உள்ள கோளாறுன்னா பல்பு பளிச்சுனு எரிஞ்சு காட்டிக் குடுத்துரும். பல்பு மங்கலா எரிஞ்சு அப்புடியே அடங்கிருச்சு. அத்தனை சுத்தமான வேலை. பாட்டைப் போட்டேன். உறுமல் இல்ல, இரைச்சல் இல்ல. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு.

அப்பறம்தான் உறைச்சுது. கலரு பாத்துப் போட்டா ஒரு நிமிசத்துல முடியற வேலைக்கு ஒருத்தன் எதுக்கு இத்தனை முடிச்சுப் போடோணும்? பொறுமை இல்லீங்க அது. அந்த மனுசனுக்குக் கலரு தெரியாது. கண்ணு நல்லாத் தெரியும், சிவப்பும் பச்சையும் மட்டும் ஒண்ணாத் தெரியும். சில பேருக்குப் பொறப்புலயே அப்புடியாமா.

அடுத்த நாளே திருமூர்த்தி அய்யா கடைக்கு வந்துட்டாரு. மக கொண்டாந்து குடுத்தது அவருக்குப் பொறகுதான் தெரியுமாட்ட. உள்ள வரல, வாசப்படியிலயே நின்னுட்டு, "தொறந்துட்டீங்களா?"ன்னு கேட்டாரு.

"தொறந்து வேலையும் முடிஞ்சுதுங்கய்யா"ன்னேன்.

"முடிச்செல்லாம்?"

"அப்புடியே விட்டுட்டேனுங்க. ஒண்ணு கூட அவுக்கல."

அப்பறம்தான் உள்ள வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு. நான் டீ சொன்னேன். டீயைக் குடிக்காம கையிலயே வெச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சுட்டே சொன்னாருங்க. "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். வீட்டுல தெரியாது. யாருக்குமே தெரியாது."

அப்பறம் கடைக் கதையைச் சொன்னாரு. பழனாத்தாம்மா கல்யாணத்துக்குப் பின்னால உடுமலைக் கடைவீதியில மேட்சிங் சென்டர் வெச்சிருந்தாங்களாமா. சீலைக்குத் தக்க ஜாக்கெட் துணி விக்கற கடை. நல்ல ஓட்டமாமா. கலாமணி வகுத்துல இருந்தப்ப, பிரசவத்துக்குப் போனா மூணு மாசம் கடையில உக்கார ஆளு வேணும். மில்லுல லீவு போட்டு நான் உக்காந்துக்கறேன்னு இவரும் தைரியமாப் போயிட்டாரு. மொத நாள் காத்தாலயே ஒரு பொம்பள அரக்குச் சீலையக் கொண்டாந்து இதுக்குத் துணி குடுங்கன்னிருக்குது. இவரு பச்சைய எடுத்துப் போட்டிருக்காரு. கடையில இருந்த பொம்பளைக எல்லாம் கொல்லுனு சிரிச்சிருக்காங்க. இவரு எந்திரிச்சு, கடையப் பூட்டி, சாவியக் கொண்டுபோயி சம்சாரத்துகிட்டக் குடுத்து, "பொம்பளைக கடையில ஆம்பள உக்காரமுடியாது, என்னால ஆகாது"ன்னு சொல்லிட்டாராமா. கடையை மூடிட்டாங்க. மூடுனது மூடுனதுதான்.

"திமிருன்னு நெனச்சுக்குவா, நெனச்சுக்கட்டும். திமிருன்னா தாங்கிக்கலாம். கோளாறுன்னா எப்புடிங்க தாங்கறது"ன்னாரு. அப்பறம் என்னைய நிமிந்து பாத்தாரு. நான் "செரிங்க"ன்னேன்.

செரிங்கன்னுதான் சொன்னேன். ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லலீங்க. அவரும் சொல்லாதீங்கன்னு வாயத் தொறந்து கேக்கல. ரெண்டு மாசமா இதைத்தான் எனக்கு நானே சொல்லிட்டு இருக்கேன். ஒரு மனுசன் அப்புடித் தலையக் குனிஞ்சு சொன்னதுக்கப்பறம் வாயத் தொறந்து வேற கேக்கோணுமாக்கும்.

விசேசத்தன்னைக்கு பல்லடத்துல நல்ல கூட்டம். ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தாங்க. செட்டை மேசையில வெச்சு, வால்வு தெரியற மாதிரி மூடிய எடுத்துட்டேன். பாட்டு ஆரம்பிச்சதும் பேசிட்டிருந்தவிய எல்லாம் பேச்சை நிறுத்திட்டாங்க. திருமூர்த்தி அய்யா மாலையோட சேர்ல உக்காந்து தரையப் பாத்துட்டு இருந்தாரு, ஆனா காலு தாளம் போட்டுச்சு. கலாமணி என்ற கையப் புடிச்சு, "சொல்லுங்ண்ணா"ன்னு மைக்கைக் குடுத்துச்சு.

இதை இவருதான் பண்ணுனாருன்னு சொன்னேன். அத்தோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் போனேன். அந்தத் தண்டபாணி, பழனாத்தாம்மாவோட அண்ணன், வெத்தலைய மென்னுட்டே, "மெக்கானிக்குக்கு எத்தனை குடுத்தீங்க மாப்ள, இப்புடிச் சொல்றதுக்கு?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குனு வந்துருச்சுங்க. என்னைய, என்ற தொழிலை, காசு குடுத்து வாங்குன வார்த்தைன்னு. தப்பு பூராவும் அந்த ஆளு மேலதானுங்க. அவரு மட்டும் வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா நான் எதுக்குப் பேசறேன்?

கரண்டைப் புடுங்கிட்டுச் செட்டைக் கவுத்துக் காட்டிட்டேன். "மெட்ராஸ்காரன் இந்த முடிச்சுப் போடுவானுங்களா? இது மில்லுக்காரன் முடிச்சு. அத்தனை ஒயரும் ஒரே கலரு, பாத்துக்கங்க"ன்னேன். அதுல ஒரு பையன், "ஏனுங்க ஒரே கலரு?"ன்னு கேட்டுட்டான். நல்ல கேள்விங்க. தொழில் தெரிஞ்சவன் பதில் சொல்லாம இருக்க முடியாத கேள்வி. மைக்கு வேற கையில இருக்குது. "அய்யாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதுங்க, அதனாலதான். அப்புடியிருந்தும் இத்தனை பெரிய வேலை பண்ணியிருக்காருன்னா அதுதானுங்க பெருமை"ன்னு சொன்னேன். பெருமைன்னுதான் சொன்னேன். பாராட்டித்தான் சொன்னேன்.

தண்டபாணி தோள் துண்டை எடுத்து ஆட்டி, "மாப்ள, இது என்ன கலரு சொல்லுங்க பாக்கலாம்"ன்னாரு. அய்யா சிரிச்சுட்டே ஏதோ சொன்னாரு. தப்பாப் போச்சு. ஒரே சிரிப்பு. அப்பறம் ஆளாளுக்கு வந்துட்டாங்க. ஒரு பொம்பள முந்தானையக் காட்டுது, சின்னப் புள்ளைக பலூனைத் தூக்கிட்டு ஓடியாருதுக, "தாத்தா இது, தாத்தா இது." அவரு ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்றாருங்க. சொல்லமாட்டேன்னு சொல்லல. சிரிச்சுட்டே சொல்றாரு, மாலையோட. கண்ணு மட்டும் என்னைய ஒரு தடவை பாத்துது. கோவமாப் பாத்திருந்தாக் கூடப் பரவால்லீங்க.

பழனாத்தாம்மா சிரிக்கல. செட்டு பக்கத்துல வந்து நின்னு, குனிஞ்சு, அந்த முடிச்சை எல்லாம் ஒண்ணொண்ணா வெரல்ல தொட்டுப் பாத்தாங்க. "இதை எப்ப பண்ணுனீங்க?"ன்னு கேட்டாங்க. "கல்யாணமான மறு வருசம்"ன்னாரு.

"அப்ப கடையை மூடறதுக்கு முன்னாலயே."

அவரு மாலையில இருந்து ஒரு பூவைக் கிள்ளுனாரு.

"ஒயருக்கு ஒயரு முடிச்சுப் போட்டு வெச்சிருக்கீங்களே. எங் கடையில துணி அட்டிக்கு அட்டி ஒரு முடிச்சுப் போட்டுக் குடுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் போட்டுக் குடுத்திருக்கமாட்டனா? தகரப் பொட்டிக்குச் சொன்னதை எங்கிட்டச் சொல்ல உங்களுக்கு மனசு வரல." சத்தம் போட்டுச் சொல்லலீங்க. சாதாரணமா, கொழம்புல உப்புக் கம்மின்னு சொல்றாப்புல சொன்னாங்க. கழுத்து மாலையக் கழட்டிச் சேர்ல வெச்சுட்டு வீட்டுக்குள்ள போயிட்டாங்க. சாயங்காலம் அய்யா மட்டும் தனியா உடுமலை வந்தாரு. செட்டு அங்கயே இருந்துச்சு. நான் பந்தியில கூட உக்காரல, வந்துட்டேன்.

அப்பறம் கடைக்குப் போனாலும் வேலை ஓடல. கலாமணிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "அம்மா வரமாட்டேங்குது. அப்பா பேரை எடுத்தா எந்திரிச்சுப் போயிருது"ன்னுச்சு. என்னைய ஒரு வார்த்தை திட்டல அந்தப் புள்ள. அய்யா உடுமலையில ஓட்டல்லதான் சாப்புடறாருன்னு பக்கத்துக் கடைக்காரர் சொன்னாரு. சக்கரை வேற இருக்குதாமா அவருக்கு. நான் போயிப் பாக்கோணும்னு தெனமும் கெளம்புவேன், அவியூட்டு முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவேன். என்ன மொகத்தை வெச்சுட்டுப் போறது?

போன வாரம் அவரே வந்தாரு. அதே ஸ்டூல்ல உக்காந்தாரு. மனுசன் பாதியா எளைச்சுப் போயிருந்தாரு. "தப்பாப் போச்சுங்கய்யா"ன்னு கையெடுத்தேன். அதைக் காதுலயே வாங்கல. "ஒரு காரியம் பண்ணோணும்"ன்னாரு.

"என்ன வேணாலும் சொல்லுங்க."

"நான் ரொம்ப யோசிச்சுப் பாத்துட்டேன். கண்ணுக் கோளாறை அவ மன்னிச்சிருவா. அதுக்கு நான் என்ன பண்ணுவேன், பொறப்பு. முடிச்சைத்தான் அவளால மன்னிக்க முடியல. வழி தெரிஞ்சும் சொல்லலியேன்னுதான் எரியறா. அதனால அந்தச் செட்டை நான் பண்ணலைன்னு நீங்க போயிச் சொல்லிருங்க."

எனக்குப் புரியறதுக்குச் சித்தெ நேரம் ஆச்சுங்க. "நீங்க பண்ணலைன்னா? அப்ப ஆரு பண்ணுனதுங்க?"

"மில்லுல எங்கூட சென்னியப்பன்னு ஒருத்தன் இருந்தான். செத்து ரொம்ப வருசம் ஆச்சு, புள்ளகுட்டி இல்ல. அவன் பண்ணிக் குடுத்தது, நான்தான் பண்ணேன்னு பீத்திக்கிட்டேன்னு சொல்லுங்க. அந்தக் காலத்துல கலர் ஒயரு கெடைக்காது, எல்லாருமே முடிச்சுத்தான் போட்டாங்க, நீங்கதான் தப்பா நெனச்சுட்டதாச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க சொன்னதை நீங்க மாத்திச் சொன்னா நம்புவா."

"அய்யா, அது உங்க கை. இத்தனை வருசம் ஒருத்தரும் நம்பாம இருந்து இப்பத்தானுங்க நம்பறாங்க"ன்னேன்.

"அதை வெச்சுட்டு நான் என்ன பண்றது"ன்னாரு. "செட்டு சோறாக்கிப் போடுமா, பேச்சுக்குப் பேச்சுப் பேசுமா? அவ வரட்டும்."

என்னால மாட்டேன்னு சொல்ல முடியுமா சொல்லுங்க. இன்னைக்குக் காத்தால பஸ் ஏறிப் பல்லடம் போனேன். பழனாத்தாம்மாவும் கலாமணியும் முன்னால உக்காந்தாங்க. மகளுக்கும் சேத்தேதான் சொல்லோணும்னு அவரு சொல்லியிருந்தாரு. ஒருத்திக்குத் தெரிஞ்சா இன்னொருத்திக்குப் போயிருமுன்னு. நான் மனப்பாடம் பண்ணிட்டுப் போனதை அப்புடியே ஒப்பிச்சேன். சென்னியப்பன், மில்லு, கலர் ஒயரு கெடைக்காத காலம். எத்தனையோ செட்டைப் பாத்து ஆளைச் சொல்லியிருக்கேன், ஒரு தடவை கூடப் பொய் சொன்னதில்லீங்க. கண்ணுக்கு முன்னால செட்டு இருக்குது, அந்த முடிச்செல்லாம் என்னையப் பாக்கறாப்புல இருக்குது, நான் இவரு பண்ணுனதில்லைங்கறேன்.

பழனாத்தாம்மா கடைசி வரைக்கும் கேட்டாங்க. "அப்ப அதும் அவரு பண்ணுனதில்ல"ன்னாங்க. இல்லீங்கம்மான்னேன். மூச்சை இழுத்து விட்டாங்க. "அதான பாத்தேன். முடிச்சுப் போட்டுச் சமாளிக்கறதுக்கெல்லாம் அந்த மனுசனுக்கு ஏது சாமர்த்தியம். பாவம், ஒண்ணுந் தெரியாமத்தான் அன்னைக்குச் சாவியக் குடுத்துட்டு வந்திருக்காரு. வெறும் வெட்டிப் பெருமை, போச்சாது, போனாப் போகட்டும்"ன்னாங்க. சிரிச்சாங்க கூடங்க. எந்திரிச்சுப் போயித் துணிமணியப் பையில வெக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஓட்டல்ல என்ன சாப்புட்டாரோன்னு அங்கயிருந்தே கேக்கறாங்க.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. காரியம் முடிஞ்சுதுன்னு நிமிந்தா, கலாமணி உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்குது.

"சின்ன வயசுல இதுக்குப் பக்கத்துல பாய் போட்டுத்தானுங்க தூங்குவேன்"ன்னுச்சு. "வால்வு எரியறதைக் காட்டி, இந்த வெளக்கை நான்தான் ஏத்துனேன் கண்ணுன்னு சொல்லுவாரு. நான் ஊரு பூராவும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். மாமன் லொள்ளு பேசும்போதெல்லாம் நான் சண்டைக்குப் போவேன். மத்தவங்ககிட்டப் பொய் சொன்னது செரி. எங்கிட்ட எதுக்குங்ண்ணா சொல்லோணும்? நான் சின்னப் புள்ள. எங்கிட்டப் பெருமையடிச்சு அவருக்கு என்ன கெடைச்சுது?"

இல்ல கண்ணு, அவருதான் பண்ணுனாருன்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. உள் ரூம்புல அந்தம்மா பையோட ஜிப்பை இழுக்கற சத்தம் கேக்குது. முழுங்கிட்டேன். வாயத் தொறக்கக் கூடாத எடத்துல தொறந்தேன், தொறக்க வேண்டிய எடத்துல முழுங்குனேன்.

அந்தப் புள்ளயே எந்திரிச்சுச் செட்டைத் தூக்கிட்டு வந்து என்ற கையில குடுத்துச்சு. "கொண்டு போயிருங்க. வித்தாலும் சரி, பிரிச்சாலும் சரி. எனக்கு வேண்டாம்." அவிய அம்மாவைப் பஸ் ஏத்தி விடவும் வரல. தலைவலின்னு சொல்லிருச்சு.

குடிமங்கலம் தாண்டிருச்சுங்களா? ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு உங்ககிட்ட. போன வாரம் கடையில அய்யா எல்லாம் சொல்லி முடிச்சு எந்திரிச்சவரு, படியில நின்னு திரும்பிப் பாத்துச் சொன்னாருங்க. "கலாமணிகிட்டயும் இதையேதான் சொல்லோணும். ஆனா அது நம்பாது பாருங்க. ஆரு என்ன சொன்னாலும் நம்பாது. அது என்ற புள்ள." சிரிச்சுட்டே சொன்னாரு. அந்த ஒரு தைரியத்துலதானுங்க அந்த மனுசன் செட்டையே வேண்டாம்னு விட்டுக் குடுத்திருக்காரு.

இப்ப பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பாரு. போன் பண்ணிச் சொல்லிட்டேன், அம்மா வர்றாங்கன்னு. மத்ததை அவரு கேக்கல, நானும் சொல்லல. நேர்ல கேட்டுக்கலாம்னு வெச்சிருப்பாரு. இந்தப் பொட்டியோட நான் எறங்குனா கேக்கவே வேண்டியதில்ல, பாத்ததும் தெரிஞ்சுக்குவாரு, அந்தப் புள்ளயும் நம்பிருச்சுன்னு.

கண்டக்டரே, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறேனுங்க. டிக்கெட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருக்குது, பரவால்லீங்க, நடந்துக்கறேன். சித்தெ காலை ஒதுக்கிக்கங்க. அந்தம்மாவோட பை மேல கம்பியில இருக்குது, எறங்கும்போது எடுத்துக் குடுத்துருங்க. கீழ வெள்ளை வேட்டியில ஒரு பெரியவரு நிப்பாரு. மொதல்ல அந்தம்மாவைத்தான் பாப்பாரு. அப்பறம் பின்னால ஆராச்சும் எறங்கறாங்களான்னு பாப்பாரு.